தமிழ் இலக்கியத்தை எப்படிப் பிரிக்கிறோம்? நாடு, மொழி, காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலக்கிய வரலாறு படிக்கும் மாணவர்களும், ஊர் நூலகத்தில் அலமாரி அடுக்குகிறவர்களும், பழைய நூல்களைப் பட்டியலிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் தகவலோடு நின்றுவிடும். சிலவற்றில் என் கட்சியும் தெரியும்.

ஒரு நூல் எந்த இலக்கியத்தைச் சேர்ந்தது என்பதை முடிவு செய்வது நாடா, மொழியா?

பெரும்பாலும் மொழிதான். முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டதோ அந்த மொழியின் இலக்கியம் அது. எழுதியவர் எங்கே பிறந்தார், எந்த நாட்டுக் குடிமகன் என்பதெல்லாம் அப்புறம். வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். அவர் பாடிய தேம்பாவணியை இத்தாலிய இலக்கியம் என்று யாரும் சொல்வதில்லை.

சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. எழுத்தாளரின் நாடும் மொழியும் ஒட்டாமல் நிற்பது ஒன்று. காஃப்கா பிராக் நகரத்து யூதர். எழுதியது ஜெர்மன் மொழியில். நண்பர் மேக்ஸ் பிராட் காப்பாற்றி வைத்திருந்த அவருடைய கையெழுத்துப்படிகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இஸ்ரேல் உச்சநீதிமன்றம் வரை போய், 2016-இல் அந்நாட்டுத் தேசிய நூலகத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஆனாலும் நாவல்கள் உலகம் முழுக்க ஜெர்மன் இலக்கிய அலமாரியில்தான் இருக்கின்றன.

இன்னொன்று, ஒரே மொழியில் பல நாட்டுக்காரர்கள் எழுதுவது. ஆங்கிலம், ஸ்பானியம், அரபு எல்லாவற்றுக்கும் இது உண்டு. தமிழுக்கும் உண்டு. இந்தப் பக்கத்தின் பின்பகுதி பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

தமிழ் நாவலின் முதுகில் 894.8113 என்று ஒட்டியிருக்கிறதே, அது என்ன கணக்கு?

அமெரிக்கரான மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட தசம வகைப்பாடு. அதில் 800 என்றால் இலக்கியம். 810 அமெரிக்கா, 820 ஆங்கிலம், 830 ஜெர்மன், 840 பிரெஞ்சு என்று தொடங்கி 870 இலத்தீன், 880 கிரேக்கம் வரை எட்டு அறைகளும் ஐரோப்பிய மொழிகளுக்கே போய்விட்டன. உலகத்தின் மீதி மொழிகள் அத்தனையும் 890 என்ற ஒரே அறைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. 894-க்குள் துருக்கி, ஹங்கேரி, பின்லாந்து மொழிகளோடு திராவிட மொழிகளும் சேர்ந்தன. அங்கே தமிழுக்கு 894.811, மலையாளத்துக்கு 894.812. கடைசியில் வரும் எண் வடிவத்தைக் காட்டும்: 1 கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. இந்தி 891.43 என்று வேறு பக்கம் இருப்பதற்குக் காரணம் மொழிக்குடும்பம்.

எட்டு அறைகளை ஐரோப்பாவுக்குக் கொடுத்தது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பார்வை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை. ஆனால் தமிழைப் பொறுத்தவரை இந்த எண் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் தனித்தனி அறை கொடுத்ததைப் போலத் தமிழை நாடு வாரியாக உடைக்கவில்லை. யாழ்ப்பாணத்து நாவலுக்கும் கோவை நாவலுக்கும் கோலாலம்பூர் நாவலுக்கும் அடிப்படை எண் ஒன்றே.

மொழிபெயர்ப்பு நூல்கள் எந்தப் பக்கம்?

மூலமொழிப் பக்கம். ஜி.யு. போப் 1886-இல் வெளியிட்ட ஆங்கிலத் திருக்குறள் தமிழ்க் கவிதையோடு இருக்க வேண்டும். தமிழில் வந்த ருஷ்ய நாவல் 891.73-க்குப் போக வேண்டும். பொதுநூலகங்களில் வாசகர் வசதிக்காகத் தமிழ் நாவல்களோடு கலந்து வைப்பதும் உண்டு. அதில் தப்பில்லை, அட்டவணையில் மூலமொழி குறித்திருந்தால் போதும்.

எஸ்.ஆர். ரங்கநாதன் இதை மாற்றி அமைத்தாராமே?

ஆமாம். சீர்காழிக்காரரான ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933-இல் கோலன் வகைப்பாட்டை வெளியிட்டார். அதில் இலக்கிய நூலுக்கான குறியீடு மொழி, வடிவம், ஆசிரியர், நூல் என்று வரிசையாக வளரும். ஆசிரியரைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்டது பிறந்த ஆண்டு. 1500-களுக்கு ஜே, 1800-களுக்கு எம். 1564-இல் பிறந்த ஷேக்ஸ்பியர் ஜே64. 1882-இல் பிறந்த பாரதி எம்82.

இதனால் அலமாரியில் ஆசிரியர்கள் தாமாகவே வயது வரிசையில் நிற்பார்கள். எந்த ராஜா ஆண்டான் என்ற கேள்வியே எழாது. நவீன இலக்கியத்துக்கு இதைவிடச் சுத்தமான முறை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் வள்ளுவருக்கும் ஔவையாருக்கும் பிறந்த ஆண்டுக்கு எங்கே போவது? தமிழின் பழைய பகுதி முழுவதும் அந்த இடத்தில் முட்டிக்கொள்கிறது.

நம் முன்னோர் இலக்கியத்தை எப்படிப் பிரித்தார்கள்?

காலத்தையோ அரசையோ வைத்துப் பிரிக்கவில்லை. பொருளையும் வடிவத்தையும் வைத்துப் பிரித்தார்கள். தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு சொல்கிறது. விடுகதையும் பழமொழியும் அந்த ஏழில் அடக்கம். அகம், புறம் என்ற பிரிவும் திணைப் பிரிவும் எல்லோருக்கும் தெரிந்தவை.

எட்டுத்தொகையைத் தொகுத்தவர்கள் அகப்பாட்டுகளை அடிக்கணக்கில் பிரித்தார்கள். ஓரிரு விலக்குகளைத் தவிர, 4 முதல் 8 அடி குறுந்தொகை. 9 முதல் 12 நற்றிணை. 13 முதல் 31 அகநானூறு. கபிலரும் பரணரும் பல தொகைகளில் சிதறிக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

அகநானூற்றை ஒருமுறை எண்களோடு புரட்டிப் பாருங்கள். 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டெல்லாம் பாலை. 2-இலும் 8-இலும் முடிபவை குறிஞ்சி. 4-இல் முடிந்தால் முல்லை, 6-இல் முடிந்தால் மருதம், 10, 20, 30 என்று போனால் நெய்தல். ஆக, பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் தலா 40, மொத்தம் 400. பாட்டின் எண்ணைச் சொன்னால் படிக்காமலே திணையைச் சொல்லிவிடலாம். ஏட்டில் ஒரு பாட்டு இடம் மாறியிருந்தாலும் இந்த ஒழுங்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஓர் அட்டவணையாளராக இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. வகைப்பாட்டு எண்ணுக்கு இவ்வளவு வேலை கொடுத்தவர்கள், பாடியவர் எந்த நூற்றாண்டு என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

பிறகு எப்படிப் பல்லவர் காலம், சோழர் காலம் என்ற பிரிவு வந்தது?

அச்சும் பல்கலைக்கழகப் பாடத்திட்டமும் வந்த பிறகு. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் 1880-களிலும் 90-களிலும் பழைய நூல்களை அடுத்தடுத்து அச்சேற்றினார்கள். கலித்தொகையும் சீவகசிந்தாமணியும் 1887, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. இவ்வளவும் கையில் வந்ததும் எது முந்தி, எது பிந்தி என்ற கேள்வி வந்துவிட்டது. ஆங்கிலேயர் தம் இலக்கியத்தை எலிசபெத் காலம், விக்டோரியா காலம் என்று அரசிகள் பெயரில் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு அரச வம்சங்கள் கிடைத்தன. சங்க காலம், சங்கம் மருவிய காலம், பல்லவர், சோழர், நாயக்கர், ஐரோப்பியர், இருபதாம் நூற்றாண்டு என்ற வரிசையைப் பேராசிரியர் வி. செல்வநாயகத்தின் வரலாற்று நூல் மாணவர்களிடையே ஊன்றச் செய்தது. மு. அருணாசலம் வம்சங்களை விட்டுவிட்டு நூற்றாண்டு நூற்றாண்டாகத் தனித்தனிப் பாகங்கள் எழுதினார். எனக்கு அதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது.

வம்சப் பெயரில் என்ன தப்பு?

ஆண்டாளைப் பாருங்கள். பாடத்திட்டத்தில் பல்லவர் காலம். அவர் வாழ்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பாண்டிய நாடு. நம்மாழ்வாரின் குருகூரும் பாண்டிய நாடுதான். காஞ்சிபுரத்துப் பல்லவ அரசனுக்கும் இவர்கள் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? பக்தி இலக்கியக் காலம் என்று சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நாயக்கர் காலம் என்பது இன்னும் மோசம். மதுரையில் நாயக்கர் ஆட்சி நடந்தபோது யாழ்ப்பாணத்தில் ஆரியச்சக்கரவர்த்திகளின் தனி அரசு நடந்தது. 1619-இல் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. அந்த அரச குடும்பத்தைச் சேர்ந்த அரசகேசரி இரகுவம்சத்தைத் தமிழில் பாடினார். அவரை எந்த நாயக்கர் காலத்தில் வைப்பது? ஈழத்து இலக்கிய வரலாறுகள் ஆரியச்சக்கரவர்த்திகள் காலம், போர்த்துக்கேயர் காலம், ஒல்லாந்தர் காலம், ஆங்கிலேயர் காலம் என்று தனி வரிசை வைத்திருப்பது இதனால்தான்.

காலமே உறுதியாகாத நூல்களை என்ன செய்வது?

கம்பர் இதற்குச் சரியான உதாரணம். 'எண்ணிய சகாத்தம் எண்ணூற்றேழின்' என்று தொடங்கும் தனிப்பாடலை நம்பினால் கம்பராமாயணம் அரங்கேறியது சக ஆண்டு 807, அதாவது கி.பி. 885. பல அறிஞர்கள் அதை ஏற்காமல் 12-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். இடையில் ஏறக்குறைய 300 ஆண்டு. ஆனால் இரண்டுமே சோழர் காலம்! 'சோழர் காலக் காவியம்' என்று எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 300 ஆண்டுச் சண்டையை ஒரு பெயர் மூடி மறைத்துவிடுகிறது.

திருக்குறளும் அப்படித்தான். தமிழ்நாட்டு அரசு கணக்கில் திருவள்ளுவர் பிறந்தது கி.மு. 31, நடப்பு ஆண்டோடு 31 கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு. எஸ். வையாபுரிப் பிள்ளையோ குறளைக் கி.பி. 600-ஐ ஒட்டி வைத்தார். அதற்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. அவர் முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. மொழிச் சான்று, சொல்லாட்சி, கல்வெட்டு என்று காரணம் காட்டிப் பேசியதை மதிக்க வேண்டும். பட்டியலில் ஒரே ஆண்டைப் போடாமல், எந்த முதல் எந்த வரை என்று எல்லையைப் போடுங்கள்.

செம்மொழி நூல்கள் 41 என்பது என்ன?

இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக 2004-இல் அறிவித்தது. அதன் பிறகு ஆய்வுக்கென எடுத்துக்கொண்ட பட்டியல் இது: தொல்காப்பியம் 1, எட்டுத்தொகை 8, பத்துப்பாட்டு 10, பதினெண்கீழ்க்கணக்கு 18, சிலப்பதிகாரம், மணிமேகலை, இறையனார் களவியல், முத்தொள்ளாயிரம். இங்கே காலக்கோடு வெறும் பாடத்திட்ட விஷயமாக இல்லை. எந்த நூலுக்கு ஆய்வுப் பணமும் பதிப்பும் கிடைக்கும் என்பதையும் அந்தக் கோடே முடிவு செய்கிறது.

தமிழின் முதல் நாவல்கள் எவை?

1879-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம். இது எல்லோருக்கும் தெரியும். அடுத்தது? தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் (1890-களில் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது), அப்புறம் அ. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் (1898) என்று மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

நடுவில் 1885 இருக்கிறது. கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை அசன்பே சரித்திரத்தை எழுதிய ஆண்டு அது. அவர் 1882-இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியவரும்கூட. கதை நடப்பது எகிப்தில். எழுதியவர் இலங்கை முஸ்லிம், களம் கெய்ரோ, மொழி தமிழ். கமலாம்பாளுக்குச் சில ஆண்டுகள் மூத்த நாவல். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல் வரிசையில் இதைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. 'இலங்கை இலக்கியம்' என்ற கடைசி அத்தியாயத்துக்கு ஒத்திவைத்துவிடுகிறார்கள்; அந்த அத்தியாயத்தைப் பலரும் புரட்டுவதே இல்லை. நாடு வாரியாகப் பிரிப்பதால் என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது இந்த ஒரு ஆண்டைத்தான். கால வரிசை என்று சொல்லிவிட்டு, நடுவே நாட்டு எல்லையைப் போட்டு ஒரு நூலை வெளியே தள்ளுவது வரலாறு ஆகாது.

அப்படியானால் ஈழத்து இலக்கியம் என்று தனியாகச் சொல்லக் கூடாதா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அந்த மண்ணின் பேச்சு, சாதிப் போராட்டம், போர், இடப்பெயர்வு எல்லாவற்றுக்கும் தனி வரலாறு உண்டு. ஈழத்து விமர்சகர்களும் அந்தத் தனித்துவத்தை வலியுறுத்தித்தான் வந்திருக்கிறார்கள். தனியாகப் படிப்பது வேறு, பின்னிணைப்பாகத் தள்ளுவது வேறு.

பழைய காலத்துக்குப் போனால் கோடு போடுவதே கஷ்டம். சங்கப் பாடல்களில் ஈழத்துப் பூதந்தேவனார் பாட்டு அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை மூன்றிலும் இருக்கிறது. தொகுத்தவர்கள் அவரைத் தனி அறையில் வைக்கவில்லை. நல்லூர் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சுக்கூடம் வைத்திருந்தார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் நமக்கு அச்சில் கொடுத்த தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர். அவரை எடுத்துவிட்டுத் தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுத முடியுமா?

மலையக இலக்கியத்தை ஏன் ஈழத்து இலக்கியத்தோடு சேர்ப்பதில்லை?

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வாழ்க்கை வேறு, வடக்கு கிழக்குத் தமிழர் வாழ்க்கை வேறு. ஒரே நாடு, ஒரே மொழி, ஆனாலும் தனிப் பெயர் வேண்டும் என்று அவர்களே கேட்டு வாங்கினார்கள்.

நாட்டை வைத்து இலக்கியத்தைப் பிரிக்கலாம் என்கிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. முந்தின ஆண்டுதான் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேர் கணக்கை 1974 வரை தள்ளி வைத்தார்கள். ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்த அண்ணன் தம்பியில் ஒருவர் தமிழ்நாட்டுக் கூடலூரிலும் ஒருவர் இலங்கை ஹட்டனிலும் வாழ நேர்ந்தது. இருவரும் கவிதை எழுதினால் ஒன்று இந்திய இலக்கியம், இன்னொன்று இலங்கை இலக்கியமா? அரசுகள் கையெழுத்துப் போட்டுப் பிரித்த மனிதர்களை நாமும் அலமாரியில் பிரிக்கக் கூடாது. அங்கே மலையகம் என்ற பெயர் ஒன்றே பொருத்தம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் இலக்கியத்தின் நிலை என்ன?

பக்கத்துப் பக்கத்து நாடுகள், நேர் எதிரான நடைமுறை. மலேசியாவில் தேசிய இலக்கியம் என்றால் மலாய் மொழியில் எழுதியது. 1981 முதல் வழங்கப்படும் தேசிய இலக்கியவாணர் விருதும் மலாய் எழுத்துக்கே. தமிழிலும் சீனத்திலும் எழுதுவதை ஒரு பிரிவினரின் இலக்கியம் என்றே அதிகாரபூர்வ வழக்கு சொல்லும். தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து, அந்த ரப்பர் காட்டைப் பற்றியே எழுதினாலும் கதை இதுதான். சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. சிங்கப்பூர் இலக்கியப் பரிசில் தமிழுக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கே தமிழ் எழுத்து புதிதும் அல்ல. சிங்கை நேசன் இதழ் வந்தது 1887-இல். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் பாடிய சிங்கை நகரந்தாதி அச்சானதும் அதே ஆண்டு.

சாகித்திய அகாதெமி விருது?

மொழி வாரியாக, 24 மொழிகளுக்கு. 1955-இலிருந்து. ஆனால் எழுதியவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். எனவே தமிழுக்கான பட்டியல் என்று அதைச் சொல்லும்போது, இந்தியத் தமிழுக்கான பட்டியல் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சிலப்பதிகாரமும் பதிற்றுப்பத்தும் கேரள இலக்கியம் என்கிறார்களே?

பதிற்றுப்பத்து முழுக்கச் சேர அரசர்களைப் பாடியது. இளங்கோவைச் சேர நாட்டவர் என்பது மரபு. சேரர் தலைநகரான வஞ்சி கேரளத்துக் கொடுங்கல்லூரா தமிழ்நாட்டுக் கரூரா என்ற விவாதம் இருந்தாலும், சேர நாட்டின் பெரும்பகுதி இன்று கேரளத்தில்தான் இருக்கிறது. மலையாளிகள் தங்கள் நிலத்தின் பழைய இலக்கியம் என்று இவற்றைச் சொல்வதில் நாம் கோபப்பட ஒன்றுமில்லை. மொழியால் தமிழ், நிலத்தால் கேரளத்துக்கும் உரியது. இரண்டும் சேர்ந்தே உண்மை.

எங்கள் நூலகப் பட்டியலில் என்னென்ன குறிக்க வேண்டும்?

முதலில் மூலமொழி, வடிவம். அடுத்து முதல் பதிப்பு வந்த ஆண்டும் ஊரும். கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டு வேறாக இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். 1892 சிலப்பதிகாரம் என்று மட்டும் போட்டால் நூலின் காலமா பதிப்பின் காலமா என்று குழப்பம் வரும். ஆசிரியர் வாழ்ந்த நாடுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் போடுங்கள். இன்று பாரிஸிலும் டொராண்டோவிலும் இருந்து எழுதுகிறவர்களுக்கு 'புலம்பெயர்ந்தவர்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். வம்சப் பெயர் தேவை இல்லை. அலமாரியில் நாட்டுக்கு ஒரு தட்டு ஒதுக்காமல் ஆசிரியர் பெயர் அகர வரிசையில் எல்லோரையும் சேர்த்தே அடுக்குங்கள். ஈழம், மலையகம், மலேசியா என்று தேடி வருகிறவர்களுக்குக் கணினி அட்டவணையில் அந்தச் சொற்களைத் தேடுசொல்லாகச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.